பனை உச்சியில் வெயில் இருக்கும்வரை

அவர் வாயிலிருந்து "சரி" என்ற சொல் வருவது அபூர்வம். செஞ்சிக்கும் மேல்மலையனூருக்கும் நடுவே ஓடிய தனியார் பஸ் ஒன்றில் அவர் கண்டக்டர். நாள் முழுவதும் ஜனங்கள் அவரிடம் எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கல்வெட்டு கிட்ட நிறுத்து, மூட்டையை மேலே ஏற்று, இந்தப் பொட்டலத்தை என் மச்சான் கையில் கொடு. எல்லாவற்றுக்கும் அவர் பதில் ஒன்றுதான்: "பாக்கலாம்." சொல்லிவிட்டு அந்த வேலையைச் செய்தும்விடுவார். கல்வெட்டு வந்ததும் விசில் ஊதுவார். மூட்டை மேலே போய்விடும். பொட்டலம் மச்சானிடம் சேர்ந்துவிடும். ஆனால் முன்கூட்டியே "சரி" என்று மட்டும் சொல்ல மாட்டார்.

அவர் மனைவி ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னார்: "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப, புடிச்சிருக்குதான்னு கேட்டாங்க சார். இந்த ஆளு பாக்கலாம்னாரு. எங்க நைனா எழுந்து கொல்லைப்பக்கம் போயிட்டாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. ரெண்டு நாளு கழிச்சி தளவானூருக்கு நடந்தே வந்து, சரின்னு சொல்லிட்டு ஒரு வாய்த் தண்ணி குடிச்சிட்டுப் போனாரு. அந்த ரெண்டு நாளும் இன்னாத்த பாத்தாருன்னு இன்னிக்கி வரைக்கும் சொல்லல."

அவர் பக்கத்திலேயே நின்று பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். மறுக்கவும் இல்லை.

டிக்கெட்டில் துளை போடும் இடுக்கி அவர் வலது கையில் ஆறாவது விரல் மாதிரி இருக்கும். "சரி" என்று சொல்ல நேர்ந்தால் அந்த இடுக்கியைக் காற்றில் ஒருமுறை அழுத்துவார். டக். அதை வேண்டுமென்று செய்தாரா, பழக்கத்தில் வந்ததா என்பது தெரியாது. ஆனால் எங்கள் வழித்தடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தச் சத்தம் தெரியும். டக் விழுந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எழுந்து போய்விடுவார்கள்.

ஒரு முகூர்த்த நாளில் அவர் மாட்டிக்கொண்டார். வழியில் ஐந்து ஊர்களில் ஐந்து கல்யாணம். ஐந்து வீட்டாரும் வெவ்வேறு நாட்களில் வந்து பத்திரிகை வைத்து, சாப்பிடாமல் போகக் கூடாது என்று பிடிவாதமாக "சரி" வாங்கியிருந்தார்கள். ஒரே தேதி என்பதை அவர் கவனிக்கவில்லை. காலை டிரிப்பில் இரண்டு இலை, மதியம் இரண்டு இலை, சாயங்காலம் ஒன்று. அவர் சாப்பிட்டு வரும்வரை பஸ் பந்தலுக்கு வெளியே நிற்கும். நான் ஏறியது சாயங்கால டிரிப்பில். பெல்ட் கழன்று தோளில் தொங்க, கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார்.

"வெறும் ரசம் சாதத்தோட எழுந்துரு மச்சான், யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் டிரைவர். இருவருக்கும் உறவு இல்லை. ஆனாலும் மச்சான்தான்.

"சாப்பிடறேன்னு சொல்லியிருக்குது. ரசம் சாதம் துன்றேன்னு சொல்லல."

ஐந்தாவது வீட்டில் பாயசத்தை இரண்டாம் முறை ஊற்ற வந்தபோது மட்டும் அவர் கையெடுத்துக் கும்பிட்டதாக டிரைவர் பல நாள் சொல்லிச் சிரித்தார்.

இது அறுபதுகளின் நடுவில். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. செஞ்சியில் குடியிருந்துகொண்டு, வழியில் இருந்த ஓர் உயர்நிலைப் பள்ளிக்குத் தினமும் அந்தப் பஸ்ஸில் போய் வந்தேன். சென்னையில் மூன்று வருடம் தத்துவம் படித்தவன். செஞ்சித் தாலுகாவில் தத்துவத்துக்கு வேலை இல்லாததால் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். படித்த தத்துவம் வீணாகக் கூடாது என்று அதைப் பஸ்ஸில் பேசினேன்.

அதில் எனக்கு மிகவும் பிடித்த கொள்கை ஒன்று இருந்தது. ஒரு செயல் நல்லதா கெட்டதா என்பதை அதன் பலனை வைத்தே தீர்மானிக்க வேண்டும். எதனால் அதிகம் பேருக்கு அதிக நன்மையோ அதுவே செய்யத் தக்கது. கொடுத்த வாக்கும் அப்படித்தான். காப்பாற்றினால் நன்மை என்றால் காப்பாற்று. மீறினால்தான் நன்மை என்றால் தயங்காமல் மீறு. இதை மறுப்பவர்கள் பழக்கத்துக்கு அடிமைகள் என்று நினைத்தேன். இன்றும் இந்தக் கொள்கையை முட்டாள்தனம் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதை வைத்து நான் செய்த ஒரு காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

கண்டக்டருக்கும் எனக்கும் முதல் வாக்குவாதம் ஓர் அமாவாசையன்று காலையில் நடந்தது. மேல்மலையனூர் கோயிலின் அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பஸ்ஸுக்குள் மூச்சு விட இடமில்லை, கூரைமேல் ஆட்கள், பின்னால் ஏணியில் ஆட்கள். அந்த நெரிசலில் ஒரு ஜன்னலோர சீட் மட்டும் காலியாக இருந்தது. அதன்மேல் கண்டக்டரின் தோல்பை. கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் விற்கும் ஓர் அம்மாவுக்குக் கால்வலி என்று அந்த இடத்தைத் தருவதாகச் சொல்லியிருந்தாராம். அந்த அம்மாளோ செஞ்சியில் ஏறவே இல்லை.

விரலில் மோதிரம் போட்ட பெரிய மனிதர் ஒருவர் கேட்டார்: "யோவ், அந்த சீட்டுக்கு இன்னா பூசை போட்டு வச்சிருக்கியா?"

"ஆளு வருது."

என்னால் பொறுக்க முடியவில்லை. "இத்தனை பேர் நிக்கிறாங்க. ஒரு சீட் சும்மா இருக்குது. இது நியாயமா?" என்றேன்.

"நிக்கிறவங்க யாருக்காவது நான் சீட்டு தரேன்னு சொன்னனா சார்?"

"சொல்லல."

"அந்தம்மாவுக்குச் சொன்னேன்."

"அந்தம்மாதான் ஏறலியே."

"ஏற மாட்டேன்னும் சொல்லலியே."

டிரைவர் திரும்பாமலே குரல் கொடுத்தார்: "வாத்தியாரே, அவன்கிட்ட பேச்சு வச்சிக்காதீங்க. அவன்கூட பேசித்தான் எனக்கு முடியே கொட்டிப்போச்சு."

நான் பள்ளியில் இறங்கும்வரை அந்த சீட் காலியாகவே போயிற்று. சாயங்காலம் மீதிக் கதையை டிரைவர் சொன்னார். கோயிலுக்கு அரை மைல் இருக்கும்போது அந்த அம்மாள் ஏறினாராம். தங்கை வீட்டில் தங்கிவிட்டு வயல்வழியாக வந்தாராம். "உக்காந்து, வெத்தலைய மடிச்சி வாயில போடறதுக்குள்ள ஊரு வந்துடுச்சி வாத்தியாரே."

கண்டக்டர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. ஐந்து கல்யாணச் சாப்பாட்டிலும் அதை நான் பார்க்கவில்லை.

இனி நயினாரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சாயங்காலம் மேல்மலையனூரிலிருந்து திரும்பும்போது, செஞ்சிக்கு ஒரு மைல் முன்னால் சாலையோரம் ஒற்றை வீடு ஒன்று வரும். கோட்டை மலை மேற்கே அடைத்துக்கொண்டு நிற்கும் இடம். நாலரை மணிக்கெல்லாம் மலையின் நிழல் அந்த வீட்டின்மேல் விழுந்துவிடும். சூரியன் உண்மையில் மறைவதற்கு அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்த வீட்டில் ஒரு நயினார் இருந்தார். எங்கள் பக்கத்தில் சமணக் குடும்பத்துப் பெரியவர்களை நயினார் என்போம். அறுபது வயது, பெரிய உடம்பு, வேர்க்கடலை விளைவித்து நன்றாக வாழ்ந்தவர். மனைவி போய்விட்டார். கண் இரண்டும் போய்ச் சில வருடம் ஆகியிருந்தது.

சூரியன் மறைந்தபின் அவர்கள் சாப்பிடுவதில்லை. நயினார் தண்ணீரைக்கூடத் தொட மாட்டார். ஊருக்குள்ளிருந்து அவர் தங்கை நாலு மணிக்கு அடுக்குக் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டு ஓடிவிடுவார். இருட்டுவதற்குள் அவரும் வீடு திரும்பித் தன் வீட்டாருக்குப் பரிமாற வேண்டுமே. வந்த சாப்பாட்டை உடனே சாப்பிட்டிருந்தால் நயினாருக்கு ஒரு தொல்லையும் இல்லை. அதை யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.

"நாலு மணிக்குத் துன்னா, ராத்திரி பத்து மணிக்கு வயிறு என்னை எழுப்பி உக்கார வச்சி நாயம் கேக்குது. விடியற வரைக்கும் அதுக்கு நான் பதில் சொல்லணும்."

அதனால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிச் சாப்பிடப் பார்ப்பார். மற்ற இடமாக இருந்தால் முகத்தில் படும் சூட்டை வைத்து நேரத்தைத் தெரிந்துகொள்வார். மலை நிழலில் அதற்கும் வழியில்லை. பக்கத்து வயல்காரர்கள் அந்த நேரத்தில் நிலத்தில் இருப்பார்கள். ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சாலையில் போன யாரோ, "இன்னா நயினாரே, வெளக்கு வைக்காமயே சாப்பிடறீங்க" என்று கேட்டுவிட்டுப் போனார். நயினார் வாயிலிருந்ததைத் துப்பினார். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் இல்லாமல் கிடந்தார்.

அதைக் கேள்விப்பட்ட மறுநாள் கண்டக்டர் அந்த வீட்டு முன்னால் பஸ்ஸை நிறுத்தி இறங்கினார். நயினார் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னலோரம் இருந்ததால் எல்லாம் காதில் விழுந்தது.

"நயினாரே, தெனம் இந்தப் பக்கம் போறப்ப விசில் ஊதறேன். சூரியன் இருந்தா ஊதுவேன். போயிடுச்சின்னா ஊத மாட்டேன்."

"மலைக்குப் பின்னால போறதையே போயிடுச்சின்னு நெனைச்சிக்குவ."

"மலைய பாக்க மாட்டேன். கெழக்க தூரத்துல பனமரம் நிக்குது இல்ல, அதுங்க உச்சியில வெயில் ஒட்டியிருக்குதான்னு பாப்பேன்."

நயினார் தாடையைச் சொறிந்துகொண்டார். "நீ ராத்திரி ஒம்போது மணிக்குக் கறி துன்ற ஆளு. என் விரதத்துல உனக்கு இன்னா அக்கறை?"

"விரதம் உங்களுது. விசில் என்னுது."

"சரியா?"

"சரி." டக்.

அதன்பின் எங்கள் சாயங்கால டிரிப்பின் குணமே மாறிவிட்டது. எந்த ஊரிலும் பத்து நிமிடம் சாவகாசமாக நின்று வந்த பஸ், இப்போது அவசரப்பட்டது. "ஏறும்மா ஏறு, நயினாரு காத்துக்கினு இருப்பாரு" என்று கண்டக்டர் விரட்டுவார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வேப்பமரம் நெருங்கும்போது பஸ்ஸில் இருக்கும் எல்லோரும் கிழக்கு ஜன்னல் பக்கம் சாய்வார்கள். கண்ணாடி போட்டவர்களிடம் அபிப்பிராயம் கேட்கப்படும். "மூணாவது பனையில இருக்குது." "இல்லப்பா, அது காஞ்ச மட்டை." கடைசியில் கண்டக்டர் தானே பார்த்து, இரண்டு சின்ன விசிலும் ஒரு நீள விசிலும் ஊதுவார். நயினார் வலது கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கேரியரைத் திறப்பார்.

"இன்னிக்கி இன்னா நயினாரே?" என்று டிரைவர் கத்துவார்.

"அவரைக்கா கூட்டு."

செஞ்சி வரும்வரை பஸ் முழுக்க அவரைக்காயைப் பற்றியே பேச்சு நடக்கும்.

டயர் வெடித்தோ மழையிலோ பஸ் தாமதமாகி, பனை உச்சி கறுத்துப்போன நாட்களும் இரண்டு மூன்று உண்டு. அன்றைக்குக் கண்டக்டர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். பஸ்ஸின் சத்தம் கேட்கும், விசில் கேட்காது. நயினார் அதே மாதிரி கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, கேரியரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்.

ஒரு கார்த்திகை மாதம் கண்டக்டரின் மனைவிக்குத் தளவானூரில் பிரசவ நேரம். எட்டு நாள் லீவு எடுத்தார். புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எனக்குப் பதிலா வர்ற ஆளு நல்லவன்தான் சார். ஆனா கேட்டதுக்கெல்லாம் சரி சரின்றான். அதான் பயமா இருக்குது." சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்தார். "நீங்க தெனம் இதுலதான வர்றீங்க. ஞாயித்துக்கிழமையும் ஒரு நடை வந்துடுங்க. நயினாருக்கு நீங்க ஊதணும். வெயில் இருந்தா ஊதணும், இல்லன்னா ஊதக் கூடாது. ரெண்டாவதுதான் கஷ்டம்."

"இதில் என்ன கஷ்டம்?" என்றேன்.

"சரின்னு சொல்லுங்க."

"சரி."

எனக்காக அவரே இடுக்கியை அழுத்தினார். டக்.

முதல் ஐந்து நாள் பனை உச்சிகளில் வெயில் இருந்தது. இரண்டு சின்ன விசில், ஒரு நீள விசில். நயினார் கையைத் தூக்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறாம் நாள் அமாவாசை. கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் சிக்கிப் பஸ் முக்கால் மணி நேரம் தாமதம். கார்த்திகை மாதத்தில் பொழுது சீக்கிரம் போய்விடும். வேப்பமரத்தை நெருங்கியபோது கிழக்கே பனைகள் நிற்பதே தெரியவில்லை. கட்டிலில் நயினார் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கேரியர் மடியில் இருந்தது. பஸ் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினார்.

எனக்குள் என் கொள்கை பேச ஆரம்பித்தது. ஊதினால் பசித்த மனிதர் ஒருவர் சாப்பிடுவார். அவருக்குத் தெரியப்போவதில்லை, ஆகவே வருத்தமும் இல்லை. வாக்கை மீறினால் மனிதர்களுக்குள் நம்பிக்கை குறையும் என்பார்கள், ஆனால் மீறியதே தெரியாதபோது எந்த நம்பிக்கை குறையும்? ஊதாவிட்டால் ஒரு கிழவரின் பசியைத் தவிர உலகத்துக்கு லாபம் ஒன்றுமில்லை. இதைவிடச் சுத்தமான உதாரணம் என் பாடப்புத்தகத்தில்கூட இல்லை.

விசிலை வாயில் வைத்தேன்.

"வாத்தியாரே, பனையே தெரியலியே" என்றார் டிரைவர்.

"பசியோட இருக்காரு."

டிரைவர் பஸ்ஸின் வேகத்தைக் குறைத்தார். "அதுவும் வாஸ்தவம்தான்."

"பாவம், துன்னட்டும்" என்றார் பின்னாலிருந்த ஓர் அம்மாள். "யாரு போயி சொல்லப்போறாங்க" என்றார் இன்னொருவர். பஸ்ஸில் ஒருவர்கூட மறுக்கவில்லை. ஊதினேன். நயினார் கையைத் தூக்கிவிட்டுக் கேரியரைத் திறந்தார். பஸ்ஸே சந்தோஷப்பட்டது. அதிகம் பேருக்கு அதிக நன்மை கண்ணெதிரே நடந்தேறியதைப் பார்த்தபடி வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் டயர் பஞ்சர். மறுபடி இருட்டிவிட்டது. மறுபடி ஊதினேன். முதல் நாள் அவ்வளவு யோசித்தவன், இரண்டாம் நாள் கிழக்குப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

எட்டாம் நாள் பஸ் வெயிலிலேயே வந்துவிட்டது. அதற்கு மறுநாள் கண்டக்டர் திரும்பி வந்தார். பெண் குழந்தை. ஏறியவர்களுக்கெல்லாம் டிக்கெட்டோடு கல்கண்டும் கொடுத்தார். என்னிடம் வந்ததும், "எட்டு நாளும் ஊதினீங்களா சார்?" என்று கேட்டார்.

நான் மறைக்கவில்லை. மறைக்க வேண்டியதாக எனக்குத் தோன்றவே இல்லை. வெற்றி பெற்றவன் மாதிரி எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இரண்டு நாளையும் சேர்த்துச் சொல்லி, "யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்க பார்ப்போம்" என்று முடித்தேன்.

கல்கண்டுப் பொட்டலத்தை அவர் மெதுவாக மடித்தார்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியாத வரைக்கும் ஒண்ணுமில்லை."

"தெரியணும் இல்ல சார்."

எனக்குப் புரிந்துவிட்டது. "சொல்லாதீங்க. சொன்னாத்தான் அவர் மனசு கஷ்டப்படும். நீங்க சொல்றதாலதான் கெடுதல் வரும், நான் ஊதினதால இல்ல."

"கண்ணு இல்லன்னுதான சார் அவரு என் விசில நம்பினாரு" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை.

வேப்பமரத்தடியில் பஸ் நின்றது. அன்று பனை உச்சிகளில் தாராளமாக வெயில் இருந்தது. கண்டக்டர் இறங்கிக் கட்டில் முன்னால் போய் நின்றார். நான் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கும் அந்தக் கட்டிலுக்கும் இடையே பத்தடி தூரம்கூட இருக்காது.

"நயினாரே, என் விசில் ரெண்டு நாளு பொய் சொல்லிடுச்சி. சூரியன் போனப்புறம் ஊதியிருக்குது. அமாவாசை அன்னிக்கி ஒண்ணு, அதுக்கு மறுநாளு ஒண்ணு."

நயினார் கேரியரைத் தடவி எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். பிறகு, "அந்த ரெண்டு நாளும் நீ தளவானூர்ல இருந்த. பொண்ணு பொறந்திருக்குதுன்னு நேத்திக்கே டிரைவர் கத்திக்கினு போனானே" என்றார்.

"விசில் என்னுது."

"யாரு கையில குடுத்த?"

"நம்பின ஆளு கையில."

அவர் பஸ் பக்கம் திரும்பவில்லை. நயினார்தான் முகத்தைத் திருப்பினார். பார்வை இல்லாத அந்த முகம் ஒவ்வொரு ஜன்னலாகத் தேடுவதுபோல் இருந்தது. "பாவம், துன்னட்டும்" என்று அன்று சொன்ன அம்மாளும் அந்தப் பஸ்ஸில் இருந்தார். முந்தானை முனையில் எதையோ முடிந்துகொண்டிருந்தார். டிரைவர் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, கூப்பிடு தூரம்கூட இல்லாத அந்த இடத்துக்கு இறங்கிப் போய், நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். என் கால்கள் நன்றாகத்தான் இருந்தன. நான் இறங்கவில்லை.

நயினார் திடீரென்று சிரித்தார். "அமாவாசை அன்னிக்கி பூசணிக்கா கூட்டு. என்னிக்கும் இல்லாத ருசி. இருட்டுல துன்னா அப்படித்தான் இருக்குமா? அதான் நீங்கள்லாம் விட மாட்டேன்றீங்க."

கண்டக்டரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"ரெண்டு நாளு நான் கை நனைக்க மாட்டேன்" என்றார் நயினார். "இந்தக் கேரியர எடுத்துக்கினு போ. பொண்ணு பொறந்திருக்குது, ஊட்டுல துன்னுங்க. அப்புறம், நாளையிலிருந்து விசில் வேணாம்பா. தங்கச்சி கொண்டாந்த உடனே நாலு மணிக்கே துன்னுடறேன்."

"என்மேல நம்பிக்கை போயிடுச்சா நயினாரே?"

"உன்மேல எப்படிப் போவும்? நீதான் வந்து சொல்லிட்டியே. ஆனா இனிமே விசில் கேக்கறப்ப எல்லாம் ஊதறது யாருன்னு நான் யோசிக்கணும் இல்ல? யோசிச்சிக்கினே துன்னா உடம்புல ஒட்டாது."

கண்டக்டர் கேரியரைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். செஞ்சி வரும்வரை பருப்பு வாசனை பஸ் முழுக்க நிறைந்திருந்தது. இன்றைக்கு என்ன கூட்டு என்று யாரும் கேட்கவில்லை.

அதன்பின் நயினார் ஏழு வருடம் இருந்தார். தினமும் நாலு மணிக்குச் சாப்பிட்டார். அப்படியென்றால் தினமும் இரவு பத்து மணிக்கு அவர் வயிறு அவரை எழுப்பி உட்கார வைத்திருக்கும். இப்போது நான் பத்து மணிக்கு ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுப் படுக்கும் வயதில் இருக்கிறேன். அந்த டம்ளரைக் கையில் எடுக்கும்போது அவரை நினைக்காத நாள் இல்லை. நான் தீர்த்துவைத்தது இரண்டு நாள் பசி.

கண்டக்டர் என்னிடம் முகம் கொடுக்காமல் இருந்ததில்லை. அவர் குணம் அப்படிப்பட்டதல்ல. எனக்கு ஜன்னலோர சீட் வேண்டுமென்றால் வைத்திருப்பார். பெண்ணுக்குப் பெயர் வைத்த அன்று வீட்டுக்குக் கூப்பிட்டு இலை போட்டார். ஐந்து கல்யாணக் கதையை நான் சொன்னால் என்னோடு சேர்ந்து சிரிப்பார். வேப்பமரம் வரும்போது மட்டும் விசில் அவர் உதடு வரை போகும், பிறகு இறங்கிவிடும். நயினார் பஸ் சத்தம் கேட்டு வெறுமனே கையைத் தூக்குவார். இவரும் தூக்குவார். எதிரே இருப்பவருக்குத் தெரியாது என்பது அவருக்கு ஒரு பொருட்டாக இருந்ததில்லை.

நயினாரிடம் நான் போகவே இல்லை. ஏழு வருடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கா பஞ்சம்? ஒவ்வொரு முறையும் என்னிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது. இப்போது போய்ச் சொல்லி யாருக்கு என்ன பயன், ஆறிப்போன விஷயத்தைக் கிளறினால் அவருக்குத்தானே வருத்தம் என்று. விசிலை வாயில் வைத்தபோது சொல்லிக்கொண்டதும் இதே காரணம்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

நான் போக மாட்டேன் என்பது கண்டக்டருக்கு முதல் நாளே தெரிந்திருந்ததோ என்னவோ. கேரியரோடு நாங்கள் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கிய அந்தச் சாயங்காலம், விசிலை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

"ஞாயித்துக்கிழமை நானே போய் அவர்கிட்ட சொல்லிடறேன்" என்றேன். "கட்டாயம் போறேன்."

விசிலை வாங்கி மேல்துண்டில் துடைத்துப் பைக்குள் போட்டார். இடுக்கி அவர் வலது கையில்தான் இருந்தது. என் முகத்தைப் பிரியமாகப் பார்த்தார்.

"பாக்கலாம் சார்" என்றார்.